வெப்சைட் நம்முடையது... சாவி யாரிடம்?

'மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறேன். வெப்சைட் வைத்தால் வியாபாரம் கூடுமா? எவ்வளவு செலவாகும்?' இந்த மாதிரிக் கேள்விகள் நம் கேள்வி-பதில் பகுதிக்கு இப்போது அடிக்கடி வருகின்றன. எண்ணெய் இருக்கும் இடத்தில் தேன், நாட்டுச்சர்க்கரை, மஞ்சள்தூள் என்று பொருள் மட்டும் மாறும். நான்கு வரிப் பதிலில் அடங்காது என்பதால், தனிக் கட்டுரையாகவே எழுதுகிறேன். எனக்கு இதில் ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் அக்கா வீட்டில் வெப்சைட் வைத்து நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

அக்கா வாழ்க்கைப்பட்டது திண்டிவனம் பக்கம். மூன்றரை ஏக்கர், ஒரு கிணறு. நிலக்கடலைக்குப் பேர்போன பகுதி. வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே திண்டிவனத்தில்தான் இருக்கிறது. கடலை ரகங்களில் டி.எம்.வி என்று வருகிறதே, அது திண்டிவனத்தைக் குறிப்பதுதான். மூட்டையாகக் கமிட்டிக்குக் கொண்டுபோனால் விலை கட்டவில்லை என்று மாமா ஒரு மரச்செக்கு வாங்கிப் போட்டார். வாகை மர உலக்கை, மோட்டாரில் சுற்றுவது. வாரம் இரண்டு நாள் ஆட்டுவார். தெரிந்தவர்கள், சென்னையில் இருக்கும் ஊர்க்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லாம் போனிலேயே நடந்தது.

ஒரு கண்காட்சியில் பழக்கமான இளைஞர் ஒருவர், "ஆன்லைன்ல இல்லன்னா இனிமே வியாபாரமே இல்லண்ணா" என்றார். 32,000 ரூபாய் பேசி, இருபது நாளில் வெப்சைட் தயார். திறந்தால் முழுத்திரைக்குப் பச்சைப் பசேல் என்று ஒரு வயல். உற்றுப் பார்த்தால் கோதுமை. அதில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். படம் தானாக நகரும், அடுத்தது வரும், மறுபடி நகரும். கீழே 'எங்கள் நோக்கம்', 'எங்கள் தொலைநோக்கு' என்று இங்கிலீஷில் இரண்டு பத்தி. எண்ணெய் என்ன விலை, எப்படி வாங்குவது, செக்கு எந்த ஊரில் இருக்கிறது எதுவுமே கண்ணில் படாது. போன் நம்பர் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது.

எட்டு மாதத்தில் அந்த வெப்சைட் வழியாக வந்தது மூன்று ஆர்டர். அதில் ஒன்று நான் போட்டது.

அதோடு முடிந்திருந்தால் 32,000 ரூபாய் நஷ்டம், அவ்வளவுதான். வருடம் திரும்பியதும் 'ரினிவல் 15,000 ரூபாய்' என்று போன் வந்தது. மாமா பேரம் பேசினார். அந்தப் பக்கம் பிடிகொடுக்கவில்லை, பிறகு போனையும் எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் அக்கா கூப்பிட்டு, "தம்பி, நம்ம வெப்சைட்டைத் திறந்தா ஏதோ கடன் குடுக்குற விளம்பரம் வருதுடா" என்றாள். அந்த முகவரியை அச்சடித்த லேபிள் 2,000 வாங்கி வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் பாட்டிலில் ஒட்டி ஊர் ஊராகப் போய்விட்டது.

குத்தகைச் சீட்டு யார் பெயரில்?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வெப்சைட்டில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று முகவரி, அதாவது டொமைன். இன்னொன்று அந்த முகவரியில் நிற்கும் பக்கங்கள். பக்கங்களை வைக்க இடம் வேண்டும், அதைத்தான் ஹோஸ்டிங் என்கிறார்கள். பக்கங்களை யார் வேண்டுமானாலும் செய்துதரலாம், பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு வேறு ஆளை வைத்துக் கட்டலாம். முகவரி அப்படியில்லை. அது நிலம் மாதிரி. அதிலும் சொந்த நிலம் இல்லை, குத்தகை நிலம். வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிக் குத்தகையை நீட்டிக்கொண்டே போக வேண்டும். சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் நீட்டவும் முடியும், விடவும் முடியும்.

மாமாவின் கடைப் பெயரில் இருந்த முகவரி, வெப்சைட் செய்த ஆளின் பெயரிலும் அவருடைய இமெயிலிலும் பதிவாகி இருந்தது. பணம் கொடுத்தது மாமா. ஆனால் பதிவேட்டில் மாமா இல்லை. கெடு முடிந்த பிறகும் சில நாட்களுக்குக் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம், அதையும் பதிவு செய்தவர்தான் செய்ய வேண்டும். அந்தக் காலமும் கடந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார்கள். '.இன்' என்று முடியும் முகவரிகளை நிர்வகிக்கும் 'நிக்சி' அமைப்பில் தகராறுகளுக்கு நடுவர் முறை இருக்கிறது. ஆனால் பெயர் நம்முடையது என்பதற்கு ட்ரேட்மார்க் போன்ற உரிமையைக் காட்ட வேண்டும். வாரம் இரண்டு நாள் செக்கு ஓட்டுபவரிடம் அது எங்கே இருக்கும்?

அதனால் வெப்சைட் யார் செய்தாலும் சரி, முகவரியை நீங்களே வாங்குங்கள். உங்கள் பெயர், உங்கள் இமெயில், உங்கள் போன் நம்பர். வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளை இருந்தால் அரைமணி நேர வேலை. '.இன்' முகவரிக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரம் ரூபாய் வரைதான் ஆகும். முதல் வருடம் 99 ரூபாய் என்று விளம்பரம் போடுவார்கள். பணம் கட்டும் முன் இரண்டாம் வருடக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரே தடவையில் பத்து வருடம் வரைகூடக் கட்டி வைக்கலாம். இமெயில் பாஸ்வேர்டை நிலப் பத்திரம் இருக்கிற பீரோவிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிரிக்க வேண்டாம், இரண்டும் ஒரே வகைதான்.

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். செய்துகொடுத்தவரிடம் "டொமைன் யார் பேர்ல இருக்கு, எந்த இமெயில்ல இருக்கு, கெடு எப்போ?" என்று கேளுங்கள். அவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு ரகசியக் குறியீடு தருவார்கள், அதை வைத்து உங்கள் கணக்குக்குக் கொண்டுவந்துவிடலாம்.

போன் பக்கத்தில் ஒரு நோட்டு

இரண்டாவது தடவை அக்கா களத்தில் இறங்கினாள். அவள் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வருகிற போனை எல்லாம் எடுப்பது அவள்தான். "யார் கூப்பிட்டாலும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. அதுக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்குது. அதை எழுதிப்போட்டா போதாதா?" என்றாள்.

என் கணக்கில், வெப்சைட் வடிவமைப்பு பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றைப் போன் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு, வாடிக்கையாளர் கேட்டதை ஒரு மாதம் அப்படியே எழுதினாள். புதுக் கேள்வி என்றால் புது வரி, பழைய கேள்வி என்றால் பக்கத்தில் ஒரு கோடு. மாதக் கடைசியில் அதிகக் கோடு விழுந்திருந்தது விலைக்குத்தான். அடுத்தது, 'லிட்டரா, கிலோவா?' கடலை எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தவர்கள் 90 கிராம் குறைகிறது என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மூன்றாவது, 'கடையில் விற்கும் எண்ணெயைவிட ஏன் இவ்வளவு விலை?' நான்காவது, 'அடியில் மண்டி தேங்கி நிற்கிறதே, கெட்டுப்போச்சா?' பிறகு, 'எப்போ ஆட்டினது?', 'கூரியரில் ஒழுகாதா?', 'டின்னா, பிளாஸ்டிக்கா?', 'எத்தனை மாதம் வைத்திருக்கலாம்?', 'நேரில் வந்து பார்க்கலாமா?'

யாருமே 'உங்கள் தொலைநோக்கு என்ன?' என்று கேட்கவில்லை.

அந்த நோட்டுதான் புது வெப்சைட். அதிகக் கோடு விழுந்த கேள்விக்குப் பதில் மேலே, குறைந்தது கீழே. திறந்ததும் கடைப் பெயர், ஊர், போன் நம்பர், இன்றைய விலை. விலைக்குக் கீழே தேதி. விலை மாறாவிட்டாலும் வாரம் ஒருமுறை தேதியை மாற்றுகிறாள். போன வருட விலையைப் போட்டு மறந்துவிடுகிற வெப்சைட்டை யார் நம்புவார்கள்? அதற்குக் கீழே, 'ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். பருப்பு விலையை நீங்களே விசாரித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்' என்று இரண்டு வரி. விலை ஏன் அதிகம் என்ற கேள்வி அதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. மண்டி பற்றி, 'வெயிலில் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டுகிறோம். அதற்கு மேல் சுத்திகரிப்பது இல்லை. அதனால் அடியில் கொஞ்சம் தங்கும்' என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

ஒரு வார்த்தைச் சிக்கலும் வந்தது. எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். அக்கா முதலில் 'மல்லாட்டை எண்ணெய்' என்றே எழுதியிருந்தாள். சென்னைக்காரர் கூகுளில் அப்படித் தேடமாட்டார். 'கடலை எண்ணெய்', 'மரச்செக்கு எண்ணெய்', 'நிலக்கடலை எண்ணெய்' என்று தமிழிலும் தேடுவார்கள், இங்கிலீஷ் எழுத்தில் அடித்தும் தேடுவார்கள். அந்தச் சொற்களெல்லாம் பக்கத்தின் தலைப்பிலும் வாக்கியங்களிலும் இயல்பாக வந்தால்தான் தேடுபவர் கண்ணில் படும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். கிராமத்தின் பெயரோடு 'திண்டிவனம் அருகில்', 'விழுப்புரம் மாவட்டம்' என்று சேர்த்து எழுதியிருக்கிறோம். மல்லாட்டையையும் விடவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியூரில் இருந்து அந்த வார்த்தையைப் பார்த்தே போன் செய்கிறார்கள்.

மொத்தமே மூன்று பக்கம். விலையும் ஆர்டரும் ஒன்று, கேள்வி-பதில் ஒன்று, செக்கும் நாங்களும் ஒன்று. முதலில் ஒரு பெரிய வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்து, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் காட்டி, "எண்ணெய் வாங்கணும்னா இதுல எங்க பாப்பீங்க?" என்று கேட்டோம். பாட்டி உடனே போன் நம்பரில் விரலை வைத்தார். அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் போனோம். கூகுள் சைட்ஸ் மாதிரி இலவச வசதிகளே இந்த மூன்று பக்கத்துக்குப் போதும். சொந்த முகவரியை அதில் இணைத்துக்கொள்ளலாம். ஆளை வைத்துச் செய்தாலும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "நீங்களே பாத்துச் செய்யுங்க தம்பி" என்று விட்டால் கோதுமை வயல்தான் வரும்.

படம் அழகாக இருந்தால் போதாது

படங்களை அக்கா பையன் போனிலேயே எடுத்தான். காலை ஏழு மணி வெளிச்சத்தில் செக்கு, உலக்கை, பிண்ணாக்கு, தெளிய வைத்த எண்ணெய், தராசில் நிற்கும் பாட்டில். மாமா பருப்பு அள்ளிப் போடும் படத்தில் சட்டை அழுக்காக இருக்கிறது என்று அக்கா சண்டை போட்டாள். அந்தப் படம்தான் முதல் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு தவறு செய்தோம். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினோம். ஒவ்வொன்றும் 4, 5 எம்.பி. ஊரில் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். படத்தைச் சுருக்கும் இலவச வசதிகள் நிறைய உண்டு. ஒரு படம் 200 கே.பி-க்குள் இருந்தால் போன் திரைக்குத் தாராளம். நகரும் படம், பாட்டு, தானாக ஓடும் வீடியோ எதுவும் வேண்டாம். முடித்த பிறகு கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்திப்படாமல், வீட்டிலேயே பழைய போன் எதுவோ அதில் திறந்து பாருங்கள்.

ஆர்டரும் பணமும்

வெப்சைட்டிலேயே பணம் கட்டும் வசதி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். அதற்கான நிறுவனங்கள் கார்டு வழியாக வரும் பணத்தில் பொதுவாக 2 சதவிகித அளவில் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஜி.எஸ்.டி-யும் போடும். மாதம் ஐம்பது அறுபது ஆர்டர் வரைக்கும் வாட்ஸ்அப் பட்டன் ஒன்று போதும். அதைத் தொட்டால் உங்கள் நம்பருக்குச் செய்தி வரும், யு.பி.ஐ-யில் பணம் வரும், கையால் எழுதிக்கொள்ளலாம். நிறையப் பேருக்கு வாங்கும் முன் ஒரு வார்த்தை பேசினால்தான் நம்பிக்கை வருகிறது.

போன் நம்பர் வெளியே தெரிந்தால் வேறு ஆட்களும் வருவார்கள். அக்காவுக்கு வந்த அழைப்பு இது. "ராணுவ கேன்டீனுக்கு 50 லிட்டர் வேணும். முன்பணம் அனுப்புறேன், இந்த கியூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க." அக்கா போடப் போனாள். பையன் தடுத்தான். பணம் நம் கணக்குக்கு வர, பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் பணம் நம்மிடம் இருந்து வெளியே போகிறது என்று அர்த்தம். வியாபாரத்துக்குத் தனி நம்பர், தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஏமாந்துவிட்டால் நாள் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கூரியர் செலவைத் தெளிவாக எழுதுங்கள். எடையைப் போல அட்டைப்பெட்டியின் அளவுக்கும் பல கூரியர் நிறுவனங்கள் கணக்குப் போடும் என்பதால், ஐந்து லிட்டர் டின்னைப் பெரிய பெட்டியில் அனுப்பினால் கட்டணம் எகிறும். பாட்டில் ஒழுகினால் யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். அக்கா எழுதியிருப்பது: 'பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஒழுகியிருந்தால் அன்றே அனுப்புங்கள். வேறு பாட்டில் தருகிறோம்.'

எழுத வேண்டியதும் கூடாததும்

சொந்தத் தோட்டத்தில் விளைந்ததைப் பதப்படுத்தாமல் விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு. எண்ணெயாக ஆட்டினாலோ, பொடியாக அரைத்தாலோ எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு வேண்டும். அதன் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும், வெப்சைட்டிலும் போட்டுவிடுங்கள். பாக்கெட் பொருள் என்றால் அளவு, எம்.ஆர்.பி, தயாரிப்பவர் பெயர், முகவரி எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். எண்ணெய்க்கு லிட்டரோடு எடையையும் குறிப்பிட வேண்டும். புகார் சொல்ல ஒரு பெயரும் நம்பரும் கொடுங்கள். ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் விதிகள், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன.

'சர்க்கரை நோய் குறையும்', 'இதய அடைப்பு நீங்கும்' என்றெல்லாம் எழுதவே எழுதாதீர்கள். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 'ஈரோடு மஞ்சள்' மாதிரி புவிசார் குறியீடு பெற்ற பெயர்களைப் பயன்படுத்தவும் முறையான பதிவு தேவை. ஜி.எஸ்.டி-யைப் பொறுத்தவரை, சொந்த நிலத்து விளைச்சலை விற்கும் விவசாயிக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருளாக மாற்றி வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் 40 லட்சம் ரூபாய் வரம்பு பொருந்தாது. பெங்களூருக்கு முதல் டின் அனுப்பும் முன் ஆடிட்டர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். கீரை, கத்தரி, தக்காளி என்று அன்றாடம் பறித்து உழவர் சந்தையிலோ கமிஷன் மண்டியிலோ போடுபவருக்கு வெப்சைட் ஒரு தண்டச் செலவு. பத்து மைல் சுற்றளவில் இருந்து ஆள் வந்தால் போதும் என்பவர்கள் கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தாலே போதும், அது இலவசம். கெடாமல் இருந்து, கூரியரில் போகக்கூடிய, மறுபடி மறுபடி வாங்குகிற பொருள் வைத்திருப்பவர்களுக்குத்தான் வெப்சைட் வேலை செய்யும். அதுவும், விலைத் தேதியை வாரா வாரம் மாற்ற வீட்டில் ஓர் ஆள் இருந்தால்.

அக்கா இப்போது வேறு பெயரில் முகவரி வாங்கியிருக்கிறாள், அவள் பெயரிலேயே. மீதி இருந்த பழைய லேபிள்கள் மேல் புது முகவரி ஸ்டிக்கரை, மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து கையாலேயே ஒட்டி முடித்தாள். வாரத்துக்கு எட்டு, பத்து ஆர்டர் வெப்சைட்டைப் பார்த்து வருகிறது. நோட்டு இன்னும் தொங்குகிறது. போன வாரம் போயிருந்தபோது கடைசி வரியில் ஒரு புதுக் கேள்வி, பக்கத்தில் நான்கு கோடு: 'காலி டின்னைத் திருப்பித் தந்தால் காசு கழிப்பீங்களா?'

"என்ன எழுதுறதுன்னு உன் மாமா யோசிச்சுட்டு இருக்காரு" என்றாள்.